நாலாவது இடத்துக் குடம்

முதலில் தவறு செய்தவன் கொம்பையா. கதையை எங்கிருந்து தொடங்கினாலும் இதைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்ததைக் கேட்கிறவர்கள் எல்லாரும் பெத்துராஜைத்தான் வீம்புக்காரர் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

தீப்பெட்டி ஆபீஸ் தெருவில் பன்னிரண்டு நாளைக்கு ஒரு தடவை குழாயில் தண்ணீர் வந்த காலம் அது. வரிசையில் ஆட்கள் நிற்பதில்லை, குடங்கள்தான் நிற்கும். கொண்டுவந்து வைத்தவர் வேலைக்குப் போய்விட, அவருக்குப் பதிலாகக் குடம் வெயிலில் காய்ந்துகொண்டு காத்திருக்கும். அடுத்தவர் குடத்தைத் தொடுவது அடுத்தவர் சோற்றுத் தட்டில் கை வைப்பதைப் போல என்று அந்தத் தெருவில் பிறந்த பிள்ளைகளுக்கு நடை பழகும் முன்பே தெரியும். மகள் மாரீஸ்வரிக்குக் காது குத்து வைத்திருந்த அன்று பெத்துராஜின் நீலப் பிளாஸ்டிக் குடம் நாலாவது இடத்தில் இருந்தது. பூமாலை வாங்கப் போய்த் திரும்பி வந்தபோது அது நாற்பத்து மூன்றாவது இடத்தில், எல்லாவற்றுக்கும் கடைசியில், நாய் படுத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. நாலாவது இடத்தில் பக்கத்து வீட்டுக் கொம்பையாவின் பித்தளைக் குடம் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. இருபத்தொன்பதாவது குடம் பாதி நிரம்பியபோது தண்ணீர் நின்றுவிட்டது.

காது குத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் சாப்பிட்டுவிட்டு ஆரஞ்சுக் கலர் சோடாவில் கை கழுவினார்கள். பந்தல் முழுக்க எறும்பு. மச்சினன் அன்றிலிருந்து எந்த விசேஷத்தில் பார்த்தாலும் "மாமா வீட்ல கை கழுவுனா எறும்பு வந்து துடைச்சு விடும்" என்று சொல்லிச் சிரித்தான். தெருவே கூடி நின்று கேட்டபோது கொம்பையா கண்ணை இமைக்காமல் சொன்னான்:

"நான் தொடல அண்ணாச்சி. குடம் தானா நகர்ந்திருக்கும்."

இருபத்தொன்பது வருஷம் ஓடிவிட்டது. பெத்துராஜ் மூன்றாம் வகுப்போடு நின்றவர், தீப்பெட்டி ஆபீசில் குச்சிக்கு மருந்து முக்கி முக்கி விரல் நுனி கறுத்தவர், எழுதி வைத்து ஞாபகம் வைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. அதனால் அந்தக் குடத்தையே கூடத்துச் சுவரில் ஆணி அடித்து மாட்டி வைத்தார். வாய் கீறிப்போய், நிறம் வெளுத்து, சாமி படங்களுக்குப் பக்கத்தில் அது தொங்கியது. அவருக்குக் கொம்பையாவிடமிருந்து வர வேண்டியது ஒரே ஒரு சொல். "நான்தான் நகர்த்துனேன்" என்று தெருவில் நின்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அதற்குப் பிறகு தெருவில் எல்லா வீட்டுக்கும் குழாய் வந்துவிட்டது, மாரீஸ்வரி கல்யாணமாகி மஸ்கட் போய்விட்டாள், அங்கே அவளுக்கு ஒரு பெண் குழந்தையும் பிறந்துவிட்டது. அந்தச் சொல் மட்டும் வரவில்லை.

பேத்தியைப் பார்ப்பதற்காக மாரீஸ்வரியே மஸ்கட்டிலிருந்து ஏற்பாடு செய்து வீட்டுக்கு நெட்டு இணைப்புக் கொடுக்க வைத்தாள். வந்தவர் தாவீது. தொப்பையும் அலுமினிய ஏணியுமாக வந்து, ஒயரை இழுத்து, ஓட்டை போட்டு, வெள்ளையாக ஒரு ரூட்டரைக் கூடத்து நடுச்சுவரில் மாட்டினார். அது பச்சைக் கண்ணைச் சிமிட்டியது.

"வைஃபைக்கு ஒரு பேரு வைக்கணும் அண்ணாச்சி. என்ன பேரு வைக்க?"

"எழுதிக்கிடுங்க. 'கொம்பையா குடத்தை நகர்த்தினான்'."

"பேத்தி பேரு வச்சா நல்லாருக்குமே."

"எழுதுங்க தாவீது."

அன்று முதல் அந்தத் தெருவில் யார் போனைத் திறந்து நெட்டு தேடினாலும் 'கொம்பையா குடத்தை நகர்த்தினான்' என்று வந்தது, பால்காரர் போனில் வந்தது, வழி தவறித் தெருவுக்குள் நுழைந்த லாரி டிரைவர் போனிலும் வந்தது. மூன்றாம் நாள் கொம்பையா தன் போனை வெளியே நெட்டு கொடுக்கிற மாதிரித் திருப்பி வைத்து, அதற்கு 'குடம் தானா நகர்ந்தது' என்று பேர் வைத்தான். அதற்கு மேல் ஒன்றுமில்லை. அவன் போனில் எப்போதும் நெட்டு தீர்ந்துபோயிருக்கும், பேர் மட்டும் தெரியும்.

ரூட்டர் மாட்டிய அன்று கிளம்பும்போதே தாவீது போகிறபோக்கில் ஒன்று சொல்லிவிட்டுப் போனார். "ரூட்டர் நல்ல ரூட்டர் அண்ணாச்சி, செவரத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்கும் எடுக்கும்."

அவர் தெருமுனை திரும்புவதற்குள் பெத்துராஜ் ரூட்டரைச் சுவரிலிருந்து கழற்றி, கொம்பையா வீட்டுச் சுவரை விட்டுத் தள்ளி, இரும்புப் பீரோவுக்குப் பின்னால் தரையில் வைத்து, அதன் மேல் பஞ்ச காலத்தில் பன்னிரண்டு நாள் தண்ணீர் பிடித்து வைத்த பெரிய அண்டாவைக் கவிழ்த்துவிட்டார். பிடித்து வைக்கிற எதையும் மூடித்தான் வைக்க வேண்டும் என்பது அந்தத் தெருக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய விஷயமில்லை. வைஃபை பேர் மட்டும் எப்படியோ அண்டாவைத் தாண்டித் தெருவுக்குப் போனது.

பேத்தி மகிழ் போனில் வந்தாள். வந்தவள் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டாள். சாயங்காலம் வரை அப்படியே நின்றாள். மறுநாள் ஒரு கையும் பாதிக் காதும் மட்டும் வந்தன. மாரீஸ்வரி "அப்பா, கேக்குதா? அப்பா, கேக்குதா?" என்று கேட்பது தெரிந்தது, கேட்கவில்லை. போனின் நடுவில் ஒரு வட்டம் செக்கு மாடு போலச் சுற்றிக்கொண்டே இருந்தது. "அணைச்சிட்டுப் பத்து எண்ணிப் போடுங்க" என்று கம்பெனி நம்பரில் ஒரு பெண் சொன்னாள். அவர் நூறு எண்ணினார். பதினோராம் நாள் தாவீதையே கூப்பிட்டார்கள்.

தாவீது பீரோவைப் பார்த்தார், அண்டாவைப் பார்த்தார், பெத்துராஜின் மனைவி சீனியம்மாளைப் பார்த்தார்.

"இரும்புக்குப் பின்னால வச்சு, வெங்கலத்தப் போட்டு மூடுனா சிக்னல் எப்படி மதினி வெளிய வரும்? உள்ளதானே கெடக்கும்?"

"இவர்கிட்ட யாரு பேசுறது" என்றாள் சீனியம்மாள்.

தாவீது அண்டாவைத் தூக்கினார். பதினோரு நாளாக அதற்குள் கிடந்த நெட்டு அத்தனையும் சளசளவென்று வெளியே வந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, கால் நனையவில்லை, ஆனால் கணுக்கால் வரை சில்லென்றது. மாரீஸ்வரி பதினோரு நாளாகக் கேட்ட "அப்பா, கேக்குதா"க்கள் ஒன்றன் பின் ஒன்றாகத் தரையில் உருண்டுவந்து, கூடத்தைக் கடந்து, வாசல்படி தாண்டி, தெருவில் இறங்கின.

"கசியுது" என்று தாவீது கம்பெனிப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். "வெங்கலத்துல இருந்தா இப்படித்தான், இறுகிப் போயிரும். மேல எழும்பாது, தரையிலதான் ஓடும். பெறகு ஒரு நாள் வந்து பாக்கேன்."

முதலில் வந்தது மூன்று வீடு தள்ளித் தையல் மிஷின் வைத்திருக்கும் கனகமணி. இடுப்பில் எவர்சில்வர் குடத்தோடுதான் வந்தாள். இது என்ன, எப்படி வந்தது, ஏன் வந்தது என்று அவளும் கேட்கவில்லை, அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் கேட்கவில்லை. அந்தத் தெருவில் ஒன்று ஓடி வந்தால் கேட்கிற கேள்வி வேறு.

"அண்ணாச்சி, எத்தன நாளைக்கு ஒரு தடவ விடுவீங்க?"

பெத்துராஜின் நெஞ்சு நிமிர்ந்தது. அறுபத்தாறு வயதில் முதன்முறையாகத் தெரு அவரிடம் ஒன்றைக் கேட்டு நின்றது. "புதனும் ஞாயிறும். காலைல பத்தரைக்கு. வரிசையா வைக்கணும். அடுத்தவங்க குடத்த எவனும் தொடக் கூடாது."

அப்புறம் ஒரு மாதத்துக்குள் தெருவுக்கு எல்லாம் அத்துபடி ஆகிவிட்டது. பிளாஸ்டிக் குடத்தில் பிடித்தால் ஒரு மணி நேரத்தில் கசிந்துபோகும், எவர்சில்வரில் இரண்டு நாள் நிற்கும், பித்தளையில் நாலு நாள். தட்டுப் போட்டு மூடாவிட்டால் சினிமாப் பாட்டு முதலில் ஆவியாகிவிடும். சொம்பில் மோந்து போனைச் சுற்றி ஊற்றினால் ஒரு படம் முழுக்கத் தடங்காமல் ஓடும். பரீட்சைக்கு விண்ணப்பம் போடுகிறவர்கள் தண்ணீர் பாட்டிலில் கொண்டுபோனார்கள். ரேஷன் கடையில் ஆறு மாதமாகக் கிழவிகளின் கைரேகையை ஏற்காமல் அழிச்சாட்டியம் பண்ணிய மிஷின் மேல் கனகமணி ஒரு டம்ளர் ஊற்றியதும், அது முதல் தொடலிலேயே எல்லாரையும் இன்னார் இன்னார் என்று ஒப்புக்கொண்டது. சாக்கடை ஓரம் வழிந்ததைக் குடித்த பூனை ஒன்று இரண்டு நாள் ஒரே இடத்தில் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நாள் ஒன்றும் நடக்காதது போல எழுந்து போனது.

எல்லாம் நல்லபடியாகத்தான் போனது, ஒன்றைத் தவிர. கொம்பையா வீடு பெத்துராஜ் வீட்டைவிட இரண்டு படி பள்ளம். நெட்டுக்கு ஆள் பார்க்கத் தெரியாது, பள்ளம் பார்க்கத்தான் தெரியும். பெத்துராஜ் கூடத்திலிருந்து இறங்கியது நேராகக் கொம்பையா முற்றத்தில் போய் நிறைந்தது. புதனும் கிடையாது, ஞாயிறும் கிடையாது, வரிசையும் கிடையாது, அவன் கட்டிலைப் போட்டு மல்லாந்து படுத்து, பட்டப்பகலில், சேவல் சண்டைப் படமாகப் பார்த்துத் தள்ளினான். ஒரு சேவலும் தடங்கவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் கேட்க வேண்டும் என்றே சத்தமாகச் சிரித்தான். இந்தப் பக்கம் பேத்தி முக்கால் வாய் திறந்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

"அன்னைக்குத் தண்ணி, இன்னைக்கு நெட்டு. எம் பிள்ள காதுகுத்தக் கெடுத்தவன், பேத்தி மொகத்தையும் குடிக்கான்" என்றார் பெத்துராஜ்.

அரை மூடை சிமெண்டும் முப்பது செங்கலும் கொண்டுவந்து, வாசல்படியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு வரப்புக் கட்டினார். கட்டி முடித்த அன்றே கொம்பையா முற்றம் காய்ந்தது. சேவல்கள் காலைத் தூக்கியபடி நின்றுபோயின. அன்று பெத்துராஜ் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார்.

ஆனால் தேங்கி நிற்பதற்கு என்று ஒரு குணம் உண்டு. ஒரு வாரத்தில் கூடத்தில் நின்ற நெட்டு கெட்டியாகி, கால் வைத்தால் கொழகொழவென்றது. அதில் காலை வணக்கங்கள் முட்டையிட்டன. ரோஜாப்பூவும் டீக்கப்பும் போட்ட காலை வணக்கம் ஒன்று பத்தாகி, பத்து நூறாகி, சாயங்காலமானால் கொசு மாதிரிக் காதருகே ரீங்கரித்தன. எட்டு வருஷத்துக்கு முந்தின சாவுச் செய்திகள் ஊறிப்போய் மேலே மிதந்தன. குடத்தில் மோந்துபோனவர்கள் முகம் சுளித்தார்கள். பேத்தியோ முன்பாவது ஒரு கையாக வந்தாள், இப்போது அதுவும் இல்லை, சுற்றுகிற வட்டம் மட்டும் வந்தது.

தாவீது வந்து மூக்கைப் பொத்திக்கொண்டார். "ஓடுறத அடைச்சா இப்படித்தான் ஆகும். ரூட்டரத் தரையில வைக்கக் கூடாது அண்ணாச்சி. ஒசரத்துல, தெறந்த எடத்துல, வீட்டுக்கு நடுவுல வைக்கணும். பீரோவுக்குப் பின்னாலருந்து எடுத்து பீரோ மேல வையுங்க, அது போதும். ஸ்பீடு பிச்சுக்கிட்டு வரும்."

"மேல வச்சா வரப்பத் தாண்டுமா?"

"தாண்டும்."

"அவன் வீட்டுக்குப் போகுமா?"

"ஊருக்கே போகும்."

"அவன் அந்த ஒரு சொல்லச் சொல்லட்டும். அன்னைக்கு மேல வைக்கேன்."

சீனியம்மாள் பீரோவின் உயரத்தைக் கண்ணால் அளந்துகொண்டாள்.

சனிக்கிழமை கனகமணி வீட்டுப் போனில் மாரீஸ்வரி கூப்பிட்டாள். மகிழ் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், கையை விட்டுவிட்டு ஒரு அடி எடுத்துவைக்கப் பார்க்கிறாள், எப்படியும் நாளைக்குள் நடந்துவிடுவாள், ஞாயிறு பதினொரு மணிக்கு எல்லாரும் போன் முன்னால் இருக்க வேண்டும், "முதல் நடைய அப்பா பாக்கணும்" என்றாள். அன்று பெத்துராஜ் தூங்கினார் என்று சொல்ல முடியாது.

ஞாயிறு பத்தரைக்கு வாசலில் இருபத்தாறு குடங்கள் வரிசை கட்டின. எல்லாம் எவர்சில்வரும் பித்தளையும். இருபத்தாறாவது குடத்துக்குப் பின்னால், இருபத்தொன்பது வருஷத்தில் அந்த வாசலை மிதிக்காத கொம்பையா, அதே பித்தளைக் குடத்தோடு வந்து நின்றான். தலை நரைத்துப்போயிருந்தான். குடம் மட்டும் பளபளவென்று இருந்தது.

"வாடா. ஒன்னத்தான் எதிர்பாத்தேன்" என்று பெத்துராஜ் உள்ளே போய், ஆணியில் தொங்கிய நீலப் பிளாஸ்டிக் குடத்தை எடுத்துவந்தார். கனகமணி குடத்தை அவளிடம் கேட்டே தள்ளி வைத்துவிட்டு, நாலாவது இடத்தில் அதை வைத்தார். "எல்லாரும் பாத்துக்கிடுங்க. இந்தக் குடம் இதே மாதிரித்தான் நாலாவது எடத்துல இருந்துச்சு. இங்கருந்து எடுத்துக் கடைசில கொண்டுபோயி வச்சது யாரு? அந்த ஒரு சொல்லச் சொல்லிட்டு மொத ஆளாப் பிடிச்சிட்டுப் போ. நானே தூக்கி விடுதேன்."

"சொல்லிருங்க சித்தப்பா" என்றாள் கனகமணி. "ஒரு சொல்லுதானே. எனக்கு மிஷின் வேல கெடக்கு."

கொம்பையா குடத்தை வரிசைக் கடைசியில் இறக்கி வைத்தான். "சொல்லலாம்மா. பொய் சொல்லச் சொன்னாச் சொல்லலாம். நான் தொடல அண்ணாச்சி. எங் கொடத்த வைக்க வந்தேன், நாலாவது எடம் காலியா இருந்துச்சு, வச்சேன். ஒங்க கொடம் தானா நகர்ந்திருக்கு."

"பாத்தீகளா? நரைச்சும் புத்தி வரல!"

"பதினொண்ணாகப் போகுது, உள்ள வாங்க" என்று வீட்டுக்குள்ளிருந்து சீனியம்மாள் குரல் வந்தது.

"இரு. இவன் சொல்லட்டும்."

அவள் இருக்கவில்லை. இருபத்தொன்பது வருஷமாக அந்தக் குடத்துக்குச் சாமி படத்தோடு சேர்த்துத் தூசி துடைத்தவள் அவள்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, ரூட்டரைத் தரையிலிருந்து எடுத்த கையோடு பீரோ உச்சியில் வைத்தாள்.

அது அருவியாக இறங்கியது. கூடத்தில் கெட்டியாகிக் கிடந்ததைப் புரட்டிப் பெயர்த்து, காலை வணக்கங்களைக் கூட்டம் கூட்டமாக வாரிக்கொண்டு, வரப்பைத் தாண்டி, முழங்கால் அளவுக்குத் தெருவில் பாய்ந்தது. நின்றவர்கள் சேலையையும் வேட்டியையும் பழக்க தோஷத்தில் தூக்கிப் பிடித்தார்கள். தெருவில் இருந்த போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அடித்தன. கொம்பையா சட்டைப் பைக்குள் சேவல்கள் நிறுத்திய இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தன. பித்தளையும் எவர்சில்வரும் கழுத்து வரை நிரம்பி, அசையாமல் நின்றன.

நீலப் பிளாஸ்டிக் குடம் மிதந்தது.

யாரும் தொடவில்லை. நாலாவது இடத்திலிருந்து மெல்ல எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, ஐந்தாவது குடத்தை உரசிக்கொண்டு, வரிசையை ஒட்டியே பின்பக்கமாக நகரத் தொடங்கியது.

"ஐயோ, நடக்கா! பிள்ள நடக்கா!" என்று உள்ளிருந்து சீனியம்மாள் கத்தினாள். "கண்ணாடி மாதிரித் தெரியுதுங்க! வாங்க! கைய விட்டுட்டா!"

பெத்துராஜுக்குக் கேட்டது. நன்றாகக் கேட்டது. குடம் அப்போது ஒன்பதாவது இடத்தில் இருந்தது.

"ரெண்டாவது அடி! வாங்கன்னு சொல்லுதேன்!"

குடம் பதினைந்தைத் தாண்டியது. தெரு முழுவதும் குடத்தைப் பார்த்தது, பிறகு பெத்துராஜைப் பார்த்தது, பிறகு குடத்தைப் பார்த்தது. அவர் கால் ஒன்று வீட்டுப் பக்கம் திரும்பியது. கண் திரும்பவில்லை. குடம் இருபத்தாறையும் தாண்டிப்போய், கொம்பையாவின் பித்தளைக் குடத்துக்கும் பின்னால், படுத்திருந்த நாய் எழுந்து போன இடத்தில், முட்டி நின்றது.

அவர் உள்ளே ஓடினார். போனில் மகிழ் ஒரு முடி பிசகாமல், அத்தனை தெளிவாக, தரையில் உட்கார்ந்து கட்டைவிரலைச் சப்பிக்கொண்டிருந்தாள். ஏழு அடி நடந்து முடித்திருந்தாள்.

"பாத்தீங்களாப்பா?" என்றாள் மாரீஸ்வரி.

பெத்துராஜ் வெளியே வந்தார். தெரு சிரிக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் இருந்தது. கொம்பையா கண்ணில் தண்ணீர் நின்றது.

"நான் சொன்னேன்ல அண்ணாச்சி" என்றான். "இருபத்தொம்பது வருசமாச் சொன்னேன்ல. தானா நகரும்னு."

"அண்ணாச்சி, இப்ப நீங்கதான் ஒரு சொல்லுச் சொல்லணும் போல" என்றாள் கனகமணி.

பெத்துராஜ் நடந்துபோய்க் கடைசியில் கிடந்த குடத்தைக் கையில் எடுத்தார். அடியைத் திருப்பிப் பார்த்தார். காய்ந்திருந்தது.

"இன்னைக்கு நெட்டு ஓடுச்சு. மிதந்துச்சு. ஒத்துக்கிடுதேன்" என்றார். "அன்னைக்குப் பன்னெண்டு நாளா இந்தத் தெருவுல ஒரு சொட்டுத் தண்ணி கெடையாது. அன்னைக்கு இது எதுல மிதந்துச்சு?"

கொம்பையா வாயைத் திறந்தான். திறந்த வாய் திறந்தபடியே நின்றது. தெருவில் முழங்கால் அளவுக்கு அவ்வளவு வேகமாக நெட்டு ஓடிக்கொண்டிருக்க, அவன் மட்டும் தடங்கிப்போய் நின்றான்.

"யோசிச்சுச் சொல்லு, அவசரமில்ல" என்றார் பெத்துராஜ். "ஆனா இப்ப ஒண்ணு இல்ல, ரெண்டு. ஒன்னால எம் பேத்தியோட மொத நடையும் போச்சு."

ரூட்டர் இன்றும் பீரோ மேலேதான் இருக்கிறது. ஸ்பீடு நன்றாக இருக்கிறது. கொம்பையா வீட்டுக்கும் போகிறது, அதற்கு மேல் அவர் தடுக்கவில்லை. அடுத்த மாதம் தாவீது வந்தபோது, தெருக்காரர்கள் சொல்லச் சொன்னதாக, வைஃபை பேரை மாற்றிவிடலாமா என்று கேட்டார்.

"மாத்துங்க" என்றார் பெத்துராஜ். சீனியம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "'கொம்பையா குடத்தை நகர்த்தினான்'னு இருக்குல்ல, அதுக்குப் பின்னால எடம் இருந்தா, 'ஏழு அடி'ன்னு சேத்துக்கிடுங்க."